சிந்துவெளி மக்களின் நூலும் நிறமும்

சிந்து நதிக் கரையிலே மொகஞ்சதாரோ என்னும் பழம்பதியை 1920ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தோர் பொன்னணிகளும் முத்திரைகளும் பெருங்குளமும் கண்டு உலகிற்கு அறிவித்தனர். அவர்கள் கண்டெடுத்தவற்றுள் மிகச் சிறியதும் மிக எளியதுமான பொருளொன்று உண்டு. வெள்ளிக் கலமொன்றின் மேலே ஒட்டிக்கொண்டிருந்த துணித் துண்டே அது. கைவிரல் பட்டால் உதிரும் நிலையிலிருந்த அத்துண்டைப் பம்பாயிலிருந்த பருத்தி ஆராய்ச்சிச் சாலையில் டேர்ணர், குலாத்தி என்னும் இருவர் நுணுக்குக் காட்டியிற் பார்த்தனர். அது சணலுமன்று, ஆட்டு மயிருமன்று. முறுக்குண்ட நாடா போன்ற இழையையுடைய உண்மையான பருத்தியே என்று கண்டனர். நிறமோ மஞ்சிட்டி இனத்து வேரினின்றும் பெற்ற செந்நிறம் எனத் தெரிந்தது. அகழ்வுக்குத் தலைவராயிருந்த சேர் ஜோன் மார்ஷல் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு துணி, அதுவும் சாயமூட்டிய துணி!

நாம் பாடசாலையிற் படித்த சரித்திரத்தில் அரசரின் பெயரும் போரின் ஆண்டும் நிறைய உண்டு. துணியைப் பற்றி ஒரு வரியுமில்லை. இதற்கு ஆசிரியர்களைக் குறைகூறிப் பயனில்லை. கல்லும் மண்ணோடும் காலத்தை எதிர்த்து நிற்கும், பருத்தி நில்லாது. ஈரமும் நுண்கிருமியும் சில ஆண்டுகளில் அதை மண்ணாக்கிவிடும். மொகஞ்சதாரோத் துண்டு தப்பியது வெள்ளியின் உதவியாலாகும். கலத்தின் உலோக உப்புக்கள் துணியில் ஊறிக் கிருமிகளை அணுகவிடாமற் செய்தன. ஆகவே எஞ்சியவற்றை மட்டும் எண்ணி ஒரு மக்களின் வாழ்வை அளப்போமாயின் அவர்கள் பானை வனைந்ததையே கண்டு, உடுத்ததைக் காணாது போவோம். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனை பானை வாங்குவான்? ஆனால் துணியின்றி ஒருநாளும் இரான்.

மொகஞ்சதாரோவுக்கும் மிக முந்திய சான்று பலுச்சிஸ்தானத்தில், போலான் கணவாயின் அருகிலுள்ள மேர்கர் என்னும் ஊரிற் கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் ஜரீஜ் 1974 முதல் அங்கே அகழ்ந்தார். கோதுமையும் வாற்கோதுமையும் விளைத்து, ஆடு மாடு வளர்த்து, மண்ணாற் கட்டிய வீடுகளில் வாழ்ந்த பழைய உழவர் குடி அது. அதன் தொடக்கம் கி. மு. 7000 ஆண்டளவினது. அங்கே ஒரு கல்லறையிற் செப்பு மணிகள் சில கிடந்தன. ஒரு மணியின் துளைக்குள்ளே, மணிகளைக் கோத்த நூல் செப்புக் களிம்பேறிக் கல்லாய்ச் சமைந்து எஞ்சியிருந்தது. 2002ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி அதனைப் பருத்தி நூல் என்று நிறுவியது. காலமோ கி. மு. ஆறாவது ஆயிரத்தாண்டு. மணி கோத்த நூலிலிருந்து ஆடை நெய்வது வரையிலான வழி நெடியது. ஆயினும் பருத்தியை முறுக்கினால் இழை நீளும் என்பதை அவ்வுழவர் அறிந்துவிட்டனர் என்பது தெளிவு.

உழவருக்கு இது எவ்வாறு இயைந்தது என்பதை நோக்குவோம். சிந்துச் சமவெளியிலே கோதுமையும் வாற்கோதுமையும் மாரிப் பயிர்கள். மழைக்காலமும் ஆற்று வெள்ளமும் வடிந்தபின் விதைத்து, கோடை தொடங்குமுன் அறுப்பர். பருத்தி வெப்பத்தை நாடும் கோடைப் பயிர். உணவுப் பயிரோடு போட்டியிடாமல், வேறு பருவத்தில் வளர்ந்து பயன் தருவது. ஆயினும் உண்ண முடியாத ஒன்றுக்கு நிலத்தையும் நீரையும் கொடுப்பவன், பத்தாயத்தில் அடுத்த அறுவடை வரைக்கும் தானியம் வைத்திருப்பவனாகவே இருத்தல் வேண்டும். வயிறு நிறைந்த பின்னரே வயலில் வெண்பஞ்சு வெடிக்கும்.

இனி வேலையின் அளவைப் பார்ப்போம். இதனை எடுத்துரைப்பார் மிகச் சிலர். மூன்று இறாத்தல் பருத்தி பறித்தால், விதை நீக்கியபின் ஏறக்குறைய ஒரு இறாத்தல் பஞ்சே எஞ்சும். விதையைக் கையாற் பிடுங்கவேண்டும். பின் பஞ்சைக் கொட்டி, தூசி போக்கி, திரியாக உருட்டி, தக்களியில் நூற்கவேண்டும். இரண்டு யார் நீளமும் ஒரு யார் அகலமுமான ஒரு சாதாரண துணியை எண்ணிக்கொள்வோம். அங்குலத்துக்குப் பாவிலும் ஊடையிலும் முப்பது முப்பது இழை. பாவு இழைகள் 1,080. ஒவ்வொன்றும் 2 யார். ஆக 2,160 யார். ஊடை இழைகள் 2,160. ஒவ்வொன்றும் ஒரு யார். அதுவும் 2,160 யார். மொத்தம் 4,320 யார், அதாவது ஏறக்குறைய இரண்டரை மைல் நூல்! கைதேர்ந்த ஒருத்தி தக்களியில் மணிக்கு 60 யார் நூற்றாளென்று வைத்துக்கொண்டாலும் 72 மணி நேரம் செல்லும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாக 9 நாள். இது நூற்பதற்கு மட்டும். பஞ்சு கொட்டியதும் பாவு ஓட்டியதும் நெய்ததும் வேறு. ஒரு தறிக்கு வேலை கொடுக்கப் பல கைகள் நூற்றுக்கொண்டேயிருக்க வேண்டும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

மொகஞ்சதாரோவின் வீடுகள் பலவற்றிலே தக்களியின் வில்லைகள் கிடைத்துள்ளன. சில களிமண்ணாலும் சிப்பியாலும் ஆனவை. சில பளபளப்பான விலையுயர்ந்த பொருளால் ஆனவை. செல்வர் மனையிலும் ஏழை மனையிலும் நூற்றனர் என்று மார்ஷல் இதிலிருந்து முடிவு செய்தார். நல்ல முடிவே. தறி மரத்தாலானதாகையால் எஞ்சவில்லை. ஆயினும் அதன் தடம் உண்டு. அரப்பாவிலே மணல் நிரப்பிய துணிப்பையை அச்சாக வைத்துச் செய்த கலங்களின் உட்புறத்தில் நெசவின் பதிவு அப்படியே இருக்கிறது. குஜராத்திலுள்ள லோத்தலிலே, தீப்பற்றிய பண்டசாலையொன்றில், மூட்டைகளின்மேல் ஒட்டிய களிமண் முத்திரைகள் வெந்து இறுகிவிட்டன. அவற்றின் பின்புறத்தில் மூட்டை கட்டிய துணியின் இழைகள் பதிந்துள்ளன. துணி போயிற்று, அதன் ரேகை நின்றது. பட்டும் அவர்களிடம் இருந்தது என்பது புதுச்செய்தி. அரப்பாவிலும் சான்குதாரோவிலும் கிடைத்த அணிகலன்களில் ஒட்டியிருந்த இழைகள் காட்டுப் பட்டுப்புழுவின் பட்டு என்று 2009ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். பட்டென்றால் சீனமே என்றிருந்த எண்ணம் இதனாற் சற்று அசைந்தது.

நிறத்தின் கதை இன்னும் வியப்புடையது. பருத்தி இலகுவிற் சாயமேற்காத பொருள். ஆட்டு மயிரிலும் பட்டிலும் நிறம் ஓரளவு தானே பற்றும். பருத்தியை மஞ்சிட்டிக் குடிநீரிலே நாள் முழுதும் ஊறவைத்து எடுத்தாலும் முதற் கழுவலில் வெளிறிவிடும். முதலில் அதன் மெழுகை நீக்க வேண்டும். எங்கள் ஊர்களில் வண்ணார் உவர்மண்ணில் வெள்ளாவி வைத்தது இதே நோக்கத்திற்காகும். பின்னர் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளிலே தோய்க்க வேண்டும். அதன்பின் படிகாரம், நம்மவர் சீனக்காரம் என்பதும் இதனையே. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறுகையாற் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லலாம். அதற்குப் பின்னரே வேர்ச்சாயத்திற் கொதிக்க வைப்பர். நிறம் இனி நீரிற் போகாது. வெயிலுக்கும் எளிதில் மங்காது.

ஆகவே மொகஞ்சதாரோத் துண்டின் செம்மையை வெறும் அழகென்று எண்ணிவிடலாகாது. மஞ்சிட்டிச் செம்மை பருத்தியில் நின்றிருக்கிறதென்றால், நிறத்தைப் பற்றச்செய்யும் முறையை அச்சாயக்காரன் அறிந்திருந்தான் என்றே பொருள். இரசாயனம் என்ற சொல்லும் இல்லாத காலத்தில், எழுத்தில் வைக்காமல், எந்தக் கல்லை எந்த இலையோடு எந்த வேளையிற் சேர்ப்பது என்பதைக் கையும் மூக்கும் நாவுமே அளவுகோலாகக் கண்டறிந்தார்கள். இன்று பரிசோதனைச் சாலையில் நிறுவையும் வெப்பமானியும் வைத்துக்கொண்டு தடுமாறும் எம்போன்ற மாணவருக்கு இது சிறிது நாணத்தை உண்டாக்குகிறது.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய ஆசிரியர் பிளினி இம்முறையை எகிப்திலே கேள்வியுற்று வியந்தார். வெள்ளைத் துணியிலே நிறமற்ற மருந்துகளாற் கோலமிட்டு ஒரே கொப்பரையில் அமிழ்த்துகிறார்கள். எடுத்தபோது பல நிறம் தோன்றுகிறது. கொப்பரையிலோ ஒரு நிறமே இருந்தது என்பது அவர் சொல்லும் செய்தியின் சாரம். படிகாரம் பட்ட இடம் சிவக்கும், இரும்புக் காடி பட்ட இடம் கறுக்கும், சாயம் ஒன்றே. மந்திரமொன்றும் இல்லை.

நீலத்தின் வழி முற்றிலும் வேறு. அவுரி இலையிலே நீலம் இல்லை; நீலமாக மாறும் பொருளே உண்டு. இலையை நீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அந்நீரை அடித்துக் காற்றேற்றினால் நீலம் வண்டலாய்ப் படியும். அவ்வண்டல் நீரிற் கரையாது. கரையாதது நூலில் ஏறாது. எனவே அதனைச் சுண்ணாம்பும் தவிடும் இட்ட தாழியிலே மீண்டும் புளிக்கவைத்து, நிறமிழக்கச் செய்து கரைப்பர். தோய்த்த துணி தாழியை விட்டு வெளிவரும்போது மஞ்சளும் பச்சையுமாய் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். குஜராத்திலுள்ள ரோஜ்டி என்னும் சிந்துவெளிக் காலத்துச் சிற்றூரில் அவுரி இனத்து விதைகள் கிடைத்துள்ளன. இதைக்கொண்டு நீலச் சாயத்தின் தாயகம் நாமே என்று முழங்குவார் உளர். பெருவில் உவாக்கா பிரியெத்தா என்னும் இடத்துப் பருத்தித் துணியில் ஏறக்குறைய 6,000 ஆண்டு பழைய அவுரி நீலம் உண்டு என்று 2016ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார்கள். கடலுக்கு அப்பால் வேறொரு உழவர் குடி, வேறொரு பருத்தி இனத்தை நூற்று, தானாகவே அதே வழியைக் கண்டுகொண்டது. இதனால் எமது பெருமைக்குக் குறைவொன்றுமில்லை.

பெருமை பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். சிந்துவெளி மக்கள் தமிழரே என்று நம் மேடைகளிற் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். ஏராஸ் பாதிரியார் முதலாக அறிஞர் சிலர் அம்மக்களின் மொழி திராவிட இனத்தது எனக் கருதியது உண்மையே. ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் அவ்வழியில் வாழ்நாளெல்லாம் உழைத்தனர். ஆனால் அவ்வெழுத்தை எல்லோரும் ஒப்பும்படி இன்னும் எவரும் வாசித்ததில்லை. முத்திரை பேசும்வரை நாம் அதன் வாயில் எம் சொல்லை வைப்பது முறையன்று. பெரியோர் எம்மைப் பொறுத்தருள்க.

சிந்துவெளி நகரங்கள் கி. மு. 1900 ஆண்டளவிலிருந்து தளர்ந்தன. நூற்றலும் சாயமேற்றலும் தளரவில்லை. வேதகாலத்துப் புலவர் இரவையும் பகலையும் ஓயாது நெய்யும் இரு கன்னியராகக் கண்டனர். அதர்வ வேதத்தில் அக்காட்சி உண்டு. மனு நூல் அந்தணருக்குப் பருத்தியால் முப்புரிநூல் விதித்தது. வெளிநாட்டாரும் இத்துணியைப் பேசத் தொடங்கினர். அசீரிய மன்னன் செனகெரிப் (கி. மு. 705 - 681) தன் தோட்டத்தில் மயிர் காய்க்கும் மரங்களை நட்டதாக எழுதிவைத்தான். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏரதோத்தசு, இந்தியாவிலே மரங்கள் ஆட்டு மயிரினும் சிறந்த மயிரைத் தருகின்றன என எழுதினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு எஸ்தர் அரசியின் கதை மனப்பாடம். அதன் முதலதிகாரத்திலே பாரசீக அரண்மனைத் திரைச்சீலைக்கு எபிரேய மூலத்தில் வரும் ‘கர்பஸ்’ என்னும் சொல், வடமொழிக் ‘கார்ப்பாசம்’, அதாவது பருத்தியே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளரோ அதனைப் ‘பச்சை’ என்று ஆக்கிவிட்டனர்! யோபுவின் புத்தகத்தை இலத்தீனில் பெயர்த்த யெரோம் முனிவர் ஓப்பீரின் பொன் வரவேண்டிய இடத்தில் இந்தியாவின் சாயமேறிய நிறங்களை வைத்தார். ஒருவர் துணியை நிறமாக்கினார். மற்றவர் பொன்னை நிறமாக்கினார்.

இவ்வளவு புகழ் பெற்ற தொழிலைச் செய்தவர் எத்தகைய நிலையில் இருந்தனர்? கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நூற்கும் வேலையைக் கைம்பெண்டிர், அங்கவீனமுற்ற பெண்கள், துறவுப் பெண்டிர், முதிய தேவதாசிகள் ஆகியோரிடம் ஒப்புவிக்கச் சொல்கிறது. வீட்டை விட்டு வெளிவராத பெண்டிர்க்குப் பணிப்பெண் மூலம் பஞ்சை அனுப்ப வேண்டும். நூலைக் கொடுக்க வைகறையில் வருபவளின் முகத்தைப் பார்க்கும் அதிகாரிக்குத் தண்டமும் உண்டு. காவல் நல்லதே. எனினும் ஆதரவற்றவர் கையிலேயே நூல் விளைந்தது என்பதை அச்சட்டமே காட்டிக்கொடுக்கிறது. எமது புறநானூற்றிலும் பருத்தி நூற்கும் பெண் சிறுவிளக்கின் ஒளியில், இராப்பொழுதிலேதான் காட்சி தருகிறாள். ஈழத்தின் கதையிலும் அவ்வாறே: விசயன் கரையிறங்கியபோது குவேனி மரத்தடியிலிருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று மகாவம்சம் கூறும்.

சாயக்காரன் நிலை இன்னும் தாழ்ந்தது. அந்தணர் விற்கத் தகாதவற்றின் பட்டியலிலே மனு நூல் அவுரி நீலத்தையும் அரக்கையும் சேர்த்துள்ளது. புளித்த தாழியின் நாற்றம், கறைபடிந்த கை, இவற்றைக்கொண்டு தூய்மை அளந்தவர்கள் அத்தாழியிலிருந்து வந்த நீலப் பட்டைத் திருமேனிக்குச் சாத்த மட்டும் தயங்கவில்லை. திருவிழாவிலே சுவாமியின் ஆடைச் சிறப்பைப் பாடாதார் யார்? அதனைத் தோய்த்தவனுக்குத் திருவீதியில் எவ்விடம் கிடைத்தது என்று கேட்டோர் எத்தனை பேர்? இக்கேள்வி பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. மாவிட்டபுரத்து வாயிலிலே 1968இல் நடந்ததை நம் பெரியோர் நேரிற் கண்டிருப்பர்.

தமிழ்நாட்டிலே அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த வீலர், செங்கற் றொட்டிகள் சிலவற்றைத் துணிக்குச் சாயமேற்றியவை எனக் கருதினார். கீழடியில் தக்களி வில்லைகள் வெளிவந்துள்ளன. செங்கடற் கரையிலுள்ள பெரெனிக்கேத் துறைமுகத்தில், மெழுகு போன்ற தடைப்பொருளாற் கோலமிட்டு நீலந்தோய்த்த இந்தியப் பருத்தித் துணியும் கிடைத்தது.

எமது நாட்டில் இத்தொடர்பு ஒரு வேரால் வந்தது. மன்னாரிலும் வன்னிக் கரையிலும் யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளிலும் மணலில் படர்ந்து முளைக்கும் சாயவேர்ச் செடி, மஞ்சிட்டியின் குடும்பத்தது. கோப்பியும் வெட்சியும் அதே குடும்பம். அதன் மெல்லிய நீண்ட வேரின் பட்டையிலே செஞ்சாயம் உண்டு. பற்றச்செய்வதும் அதே படிகாரமே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இவ்வேரைத் தம் தனியுரிமையாக்கிக்கொண்டனர். வேரகழ்தல் குறிப்பிட்ட குடியினர்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாயிருந்தது. வெறுங்கையோடு எவரும் அகழவோ விற்கவோ முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்து நெசவாளரையும் சாயக்காரரையும் வருவித்துக் குடியேற்றவும் முயன்றனர். கும்பனியின் கணக்கேடுகளில் வேரின் எடையும் விலையும் ஒழுங்காக உள்ளன.

1868ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மன் என்னும் செர்மானியர் இருவர் மஞ்சிட்டியின் சாயப்பொருளை நிலக்கரித் தாரிலிருந்து செய்யக் கண்டனர், சாயவேரிலுள்ளதும் அப்பொருளே. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. ஐரோப்பாவின் மஞ்சிட்டி வயல்கள் சில ஆண்டுகளில் உழுது மாற்றப்பட்டன. வங்காளத்திலும் பீகாரிலும் அவுரி சுருங்கியது. மன்னார் வேரை உழுது மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது என்றும் தானே முளைத்தது. வாங்குவார் நின்றனர், அகழ்வாரும் நின்றனர். ஒரு சாண் உயரச் செடி, வெண்மையான சிறு பூ; மேலே பார்ப்பவருக்குச் சிவப்பின் சுவடும் தெரியாது.